விரல் நின்ற இடமெல்லாம் விருப்பம் இல்லை

போன் திருத்தும் கடையில் இருக்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். உடைந்த டிஸ்பிளேயைக் கழற்றிப் புதியதைப் போட்டு, துடைத்து, "டச் சரியா வேல செய்யுதா எண்டு பாருங்க" என்று போனை நீட்டினால், யாரும் வீட்டுக்கு ஒரு கோல் எடுத்துப் பார்ப்பதில்லை, ஒரு சொல் எழுதிப் பார்ப்பதும் இல்லை. டிக்டொக்கையோ பேஸ்புக்கையோ திறந்து பெருவிரலால் மேலே தள்ளுவார்கள். ஒரு வீடியோ, இன்னொன்று, அடுத்தது. எங்கோ ஓரிடத்தில் விரல் நின்றுவிடும். அதற்குப் பிறகு டச் பார்க்க வந்தது மறந்து போகும், நான் காசுக்காக நிற்பது மறந்து போகும், வெளியே வெயிலில் மோட்டார் சைக்கிளில் பிள்ளையை இருத்திவிட்டு வந்ததும் மறந்து போகும்.

எங்கள் கடை இலங்கையின் கிழக்கில், ஆரையம்பதியில், மட்டக்களப்பு - கல்முனை வீதியோரம். ஒரு பக்கம் காத்தான்குடி, மற்றப் பக்கம் தாழங்குடா. மீன் வியாபாரி, புடவைக் கடைக்காரர், பள்ளிக்கூட டீச்சர், வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளைகள், கட்டாரிலிருந்து லீவில் வந்தவர்கள் என்று எல்லா விதமான ஆட்களும் வருவார்கள். இவ்வளவு பேருடைய விரல் எங்கெங்கே நிற்கிறது என்று பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு விஷயம் உறுதியாகிவிட்டது. அடுத்து எந்த வீடியோவைக் காட்டுவது என்று போனுக்குள் தெரிவு செய்கிற கணக்குமுறைதான் அல்கோரிதம். அந்த அல்கோரிதத்துக்கு நம்முடைய விருப்பம் தெரியாது. நாம் எதில் தடுக்கி நிற்போம் என்பது மட்டும் தெரியும். இரண்டும் வேறு வேறு. அந்த இடைவெளிக்குள்தான் நம் சுயபுத்தி நமக்குத் தெரியாமலே கழன்று போகிறது.

வேலிக்கு அங்கால் புருசன் பெண்சாதி சண்டை பிடித்தால் கையில் எந்த வேலை இருந்தாலும் காது அங்கேதான் போகும். அதற்காக நாளைக்கும் சண்டை வேண்டும், நாளன்றைக்கு இன்னும் பெரிதாக வேண்டும் என்று யாராவது கேட்போமா? ஆனால் காது போனதை மட்டும் எண்ணி வைத்துக்கொண்டு, "இந்த ஆளுக்குச் சண்டைதான் பிடிக்கும்" என்று தினமும் வீட்டைச் சுற்றி ஆட்களைக் கூட்டி வந்து சண்டை பிடிக்கவைத்தால் எப்படி இருக்கும்? நம் போனுக்குள் நடப்பது அதுதான்.

இதை நான் ஊகித்துச் சொல்லவில்லை, அந்தக் கம்பனிகளே வெளிப்படையாகச் சொன்ன விஷயம். யூடியூப் முதலில் ஒரு வீடியோவை எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்று பார்த்துத்தான் பரிந்துரை செய்தது. 2012இல் அதை மாற்றி, எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதை முக்கிய அளவாக எடுத்துக்கொண்டது. 2018 தொடக்கத்தில் அந்தக் கம்பனியின் உயர் அதிகாரி ஒருவரே, யூடியூபில் மக்கள் செலவிடும் நேரத்தில் 70 சதவீதத்துக்கும் மேல் பரிந்துரையால் வந்த வீடியோக்களில்தான் போகிறது என்று சொன்னார். அதாவது நாம் தேடிப் போய்ப் பார்ப்பது கொஞ்சம், நம் முன்னால் கொண்டுவந்து வைக்கப்பட்டதைப் பார்ப்பதுதான் பெரும்பகுதி. டிக்டொக் 2020இல் தன் பரிந்துரை எப்படி வேலை செய்கிறது என்று ஒரு விளக்கம் வெளியிட்டது. ஒரு நீளமான வீடியோவை முதலிலிருந்து கடைசிவரை பார்த்து முடித்தால் அது பலமான அடையாளம், பார்த்தவரும் போட்டவரும் ஒரே நாட்டில் இருப்பது பலவீனமான அடையாளம் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். லைக் போட வேண்டும் என்றில்லை, கொமன்ட் எழுத வேண்டும் என்றில்லை, கண் நிற்கிற நேரமே போதும். ஏன் நின்றது? ஆசையிலா, பயத்திலா, அருவருப்பிலா, செத்துப்போன ஒருவரின் ஞாபகத்திலா? அது அந்தக் கணக்கில் இல்லை.

என் பெரியம்மாவின் கதையைச் சொன்னால் இது இன்னும் நன்றாக விளங்கும்.

பெரியம்மாவுக்கு நெடுநாளாகச் சீனி வருத்தம். மாதாமாதம் கிளினிக் கொப்பியை ஷொப்பிங் பேக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய், வரிசையில் இருந்து குளிசை எடுத்து வருகிற ஆள். பேரப்பிள்ளை போனில் யூடியூபைக் காட்டிக் கொடுத்ததிலிருந்து கண்ணகை அம்மன் குளிர்த்திப் பாடல் கேட்பார், சமையல் பார்ப்பார், பழைய படப் பாட்டுக் கேட்பார். ஒருநாள் வெள்ளைக் கோட் போட்ட ஒருவர் வந்து, சீனிக் குளிசை தொடர்ந்து போட்டால் சிறுநீரகம் பழுதாகிவிடும் என்று சொல்கிற வீடியோ ஒன்று வந்திருக்கிறது. பெரியம்மா அதில் நின்றுவிட்டார். ஏனென்றால் அவருடைய தம்பி, எங்கள் மாமா, மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் இரத்தம் சுத்திகரித்துச் சுத்திகரித்துக் கடைசியில் சிறுநீரகம் செயலிழந்துதான் போனார். அந்தச் சொல்லைக் கேட்டதும் ஒரு சகோதரியின் மனம் அப்படியே நின்றிருக்கும். அது துக்கம். போனுக்கு அது சில நிமிடம் பார்த்த நேரம், அவ்வளவுதான்.

அடுத்த நாள் அதேமாதிரி இன்னும் இரண்டு. பிறகு நாவல்கொட்டைத் தூள், கசப்பான ஏதோ ஒரு கசாயம், "டாக்டர்மார் உங்களிடம் சொல்லாத இரகசியம்", கீழே வட்ஸ்அப் இலக்கம். குளிர்த்திப் பாடல் எங்கோ அடியில் போய்விட்டது. பெரியம்மா யாரிடமும் சொல்லாமல் குளிசையை நிறுத்தி, தூளை எடுப்பித்துக் குடிக்கத் தொடங்கிவிட்டார். கிளினிக்கில் இரத்தம் பார்த்த நேர்ஸ் பிள்ளை நன்றாக ஏசிய பிறகுதான் வீட்டுக்கே விஷயம் தெரியவந்தது. காலில் ஏற்கனவே ஒரு சின்னப் புண் ஆறாமல் இருந்தது.

நான் போய்ப் பக்கத்தில் இருந்து, ஏன் பெரியம்மா இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்னது இன்றைக்கும் என் மனதில் இருக்கிறது. "நான் தேடிப் போகல்ல மகன். அது தானாத்தானே எனக்கு வந்த."

இந்த ஒரு வசனத்துக்குள் எல்லாமே இருக்கிறது என்று நினைக்கிறேன். எங்கள் பக்கத்துச் சனங்களுக்குத் தேடாமல் வருகிற சொல்லுக்கு ஒரு மதிப்பு உண்டு. கனவில் அம்மன் வந்து ஒன்று சொன்னால், சடங்கு நேரத்தில் தெய்வம் ஏறிய ஒருவர் கூட்டத்துக்குள் நம்மைப் பார்த்துக் கைகாட்டி ஒன்று சொன்னால், அது நமக்கென்றே வந்தது என்று எடுத்துக்கொள்வோம். தேடிப் போய்க் கேட்டதில் நம் ஆசை கலந்திருக்கும், தானாக வந்ததில் கலப்பு இல்லை என்பது பழைய நம்பிக்கை. அந்த நம்பிக்கையோடு போனைப் பார்க்கிற ஒரு மனுசிக்கு, தன் தம்பியின் வருத்தத்தைச் சரியாகச் சொல்லி, தன் குளிசையைச் சரியாகச் சொல்லி, தன் கைக்குள்ளேயே வந்து நிற்கிற வீடியோ எப்படித் தெரியும்? அதை நம்பியதற்காகப் பெரியம்மாவை யாரும் படிக்காதவர் என்று சொல்லவேண்டாம். கொழும்பில் கம்பியூட்டர் படித்தவர்களும் பங்குச்சந்தை வீடியோவைப் பார்த்துவிட்டு இதே வார்த்தையைச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன், "எனக்கு வந்துச்சு". தானாக எதுவும் வரவில்லை. அனுப்பப்பட்டது. அனுப்பியதற்குக் காரணம் நம் நன்மை இல்லை, முன்பு நாம் நின்ற நேரம்.

பெரியம்மா இப்போது சுகமாக இருக்கிறார், குளிசை போடுகிறார், புண்ணும் ஆறிவிட்டது. ஆனால் அந்த வீடியோக்கள் ஒரேயடியாகப் போகவில்லை. "ஆர்வமில்லை" என்பதை அழுத்தி அழுத்தி, சில சனல்களை முற்றாக மறைத்து, பார்த்த வரலாற்றை அழித்த பிறகுதான் போனது. ஒருவர் பயத்தில் நின்றதை அந்த அமைப்பு மறக்க நாங்கள் இவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது.

இது ஒரு வீட்டுக்குள் நடந்தது. ஓர் ஊருக்கே நடந்தால் என்ன ஆகும் என்பதை அம்பாறையில் பார்த்தோம்.

2018 பெப்ரவரி 26 இரவு. அம்பாறை நகரில் முஸ்லிம் ஆட்கள் நடத்திய சாப்பாட்டுக் கடை ஒன்றில், கறிக்குள் ஏதோ கட்டியாக இருக்கிறது என்று சாப்பிட வந்த ஒருவர் சத்தம் போடுகிறார். மலட்டு மாத்திரை கலந்து சிங்கள ஆட்களுக்குக் கொடுக்கிறார்கள் என்ற கதை அதற்கு முன்பே பேஸ்புக்கில் ஓடிக்கொண்டிருந்தது. அம்பாறையில் முஸ்லிம் மருந்துக் கடைக்காரர் ஒருவரிடம் 23,000 மாத்திரை பிடிபட்டது என்று முழுப் பொய் ஒன்றும் பரவியிருந்தது. கூட்டம் கூடி நெருக்க, சிங்களம் சரளமாகத் தெரியாத காசாளர் பதற்றத்தில் தடுமாறி ஆமாம் என்று அர்த்தம் வரும்படி எதையோ சொல்லிவிட, அதை வீடியோ எடுத்துப் போட்டார்கள். கடை உடைக்கப்பட்டது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. பிறகு அரசாங்கப் பகுப்பாய்வாளர் சோதித்துப் பார்த்ததில் அந்தக் கட்டி மாக்கட்டி. ஒருவரை நிரந்தரமாக மலடாக்குகிற மாத்திரை என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது. அடுத்த கிழமை கண்டி, திகன பக்கம் கலவரம். அங்கே தொடங்கிய காரணம் வேறு, ஆனால் அம்பாறை வீடியோவும் அதைச் சுற்றிய கதைகளும் அப்போதும் கைக்குக் கை ஓடிக்கொண்டுதான் இருந்தன. மார்ச் 7ஆம் திகதி அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், இன்ஸ்டகிராம், வைபர் எல்லாவற்றையும் தடை செய்தது. பேஸ்புக்குக்கு ஒரு கிழமைக்கு மேல் தடை இருந்தது.

அந்த நாட்களில் பேஸ்புக் எப்படிப் பதிவுகளை வரிசைப்படுத்தியது என்பது 2021இல் அங்கே வேலை செய்த பிரான்சிஸ் ஹௌகன் வெளியே கொண்டுவந்த ஆவணங்களிலிருந்து தெரியவந்தது. 2017 முதல் ஒரு பதிவுக்குக் கோப முகம் போட்டால் அதற்கு லைக்கை விட ஐந்து மடங்கு எடை கொடுத்தார்கள். 2018 ஜனவரியில், அதாவது அம்பாறைச் சம்பவத்துக்கு ஒரு மாதம் முன்னால், அதிகம் கொமன்டும் பகிர்வும் வாங்கும் பதிவுகளை மேலே ஏற்றும்படி முழு அமைப்பையும் மாற்றினார்கள். ஆட்களுக்கிடையில் அர்த்தமுள்ள தொடர்பை வளர்க்கத்தான் என்று அறிவித்தார்கள். எங்கள் நாட்டில் எது அதிகம் கொமன்ட் வாங்கும் என்று எங்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். கோப முகத்தின் எடையைப் பூச்சியமாக்கியது 2020 செப்டெம்பரில்தான். அதே வருடம் மே மாதம், இலங்கையில் தங்கள் தளத்தில் பரவிய வெறுப்புப் பேச்சும் வதந்தியும் வன்முறைக்கு வழி செய்திருக்கலாம் என்ற வெளி ஆய்வு ஒன்றை வெளியிட்டு, பேஸ்புக் மன்னிப்புக் கேட்டது. கடையும் பள்ளிவாசலும் உடைந்து இரண்டு வருடத்துக்கு மேல் கழிந்த பிறகு.

ஆனால் எனக்கு அந்தக் கம்பனியை விட அன்றைக்கு அந்த வீடியோவைப் பகிர்ந்த சாதாரண மனிதர்களைப் பற்றித்தான் அதிகம் யோசனை. உடைத்தவனுடைய கணக்கு வேறு. வீட்டிலிருந்து பகிர்ந்த ஒரு தாயோ, ஒரு கடைக்காரரோ, "என் ஆட்களை எச்சரிக்கிறேன், இது என் கடமை" என்று நினைத்துத்தான் பகிர்ந்திருப்பார்கள். யாரும் தங்களைத் தூண்டியதாக அவர்களுக்குத் தோன்றியிருக்காது. அந்த வீடியோ ஏன் அந்த நேரத்தில், அத்தனை பேருடைய கோப முகத்தோடு, தங்கள் திரையின் உச்சியில் வந்து நின்றது என்று கேட்க அவர்களுக்கு வழியே இல்லை. தன் சொந்த முடிவு என்று முழுமையாக நம்பிக்கொண்டு இன்னொருவருடைய கணக்கின்படி நடப்பது, இதைவிடப் பெரிய அடிமைத்தனம் எனக்குத் தெரிந்து இல்லை. கையைக் கட்டி இழுத்துப் போனால் கட்டாவது கண்ணுக்குத் தெரியும்.

எங்கள் கடை வாங்கில் இதைச் சின்ன அளவில் பார்த்திருக்கிறேன். காணி எல்லைப் பிரச்சினை ஒன்று சூடாக இருந்த நேரம். ஆரையம்பதித் தமிழ்த் தம்பி ஒருவரும் காத்தான்குடி முஸ்லிம் நாநா (அண்ணன்) ஒருவரும் போன் திருத்தி முடியும்வரை பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள். தம்பி பழுதான போனைத் தந்துவிட்டு இன்னொரு போனில் பார்த்துக்கொண்டிருக்கிறார், நாநாவின் போனில் ஸ்பீக்கர் மட்டும்தான் பிழை, அதனால் அவரும் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரே இடம், ஒரே கூட்டம், ஒரே வேலிக்கட்டை. ஒருவருடைய வீடியோவில் அவருடைய ஆட்கள் அடிவாங்குகிறார்கள், மற்றவருடையதில் அவருடைய ஆட்கள் அடிவாங்குகிறார்கள். இருவருக்கும் முகம் இறுகிவிட்டது, இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்துக்கு முன்தான் அந்த நாநா தம்பியிடம் "வாப்பாக்கு இப்ப சுகமா?" என்று தகப்பனை விசாரித்திருந்தார். நான் பிளேன்டீ எடுப்பித்து, இரண்டு போனையும் வாங்கி மேசையில் வைத்து, இரண்டு வீடியோவையும் பக்கத்துப் பக்கத்தில் ஓடவிட்டுக் காட்டினேன். இருவரும் பார்த்தார்கள். சமாதானம் பிறந்தது என்றெல்லாம் சொல்லமாட்டேன். ஆனால் நாநா ஒரு கேள்வி கேட்டார்: "அப்ப இவருக்கு வாறது எனக்கு ஏன் வாறல்ல?" அந்தக் கேள்வியை எல்லாரும் கேட்கத் தொடங்கவேண்டும் என்பதுதான் என் ஆசை.

சரி, இதற்கெல்லாம் ஒரு பதில் எப்போதும் வரும். "உன் விரல்தானே, யார் பிடித்து வைத்திருக்கிறார்கள், நிறுத்தவேண்டியதுதானே?" படித்தவர்கள்தான் இதை அதிகம் சொல்கிறார்கள்.

நிறுத்த முடியாமல் செய்வதற்கென்றே வேலை நடந்திருக்கிறது என்பதுதான் என் பதில். முந்தி ஒரு பக்கம் முடிந்தால் அடுத்த பக்கத்துக்கு ஒரு சொடுக்கு வேண்டும், அந்த இடத்தில் மனிதனுக்கு ஒரு மூச்சு விட நேரம் இருந்தது. முடிவில்லாமல் கீழே ஓடுகிற முறையை 2006இல் வடிவமைத்த ஏசா ரஸ்கின் என்பவரே பிற்காலத்தில் அதற்காக வருத்தம் தெரிவித்தார். ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் புறாக்களை வைத்துச் செய்த பரிசோதனைகள் பிரபலம். ஒவ்வொரு கொத்துக்கும் தானியம் கிடைத்தால் புறா பசி தீர்ந்ததும் போய்விடும். எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் இடையிடையே கிடைத்தால் விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும். அடுத்த தள்ளலில் நல்லது வருமா வராதா என்று தெரியாமல் தள்ளுகிற விரலுக்கும் அதே கதிதான். 2012 ஜனவரியில் பேஸ்புக் 689,003 பேருடைய பக்கத்தில், அவர்களிடம் சொல்லாமல், ஒரு கிழமைக்கு நல்ல செய்திகளையோ கெட்ட செய்திகளையோ குறைத்துக் காட்டி, அவர்கள் எழுதுவது மாறுகிறதா என்று பார்த்தது. மாறியது. மாற்றம் மிகச் சிறியதுதான், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் 2014இல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்த பிறகுதான் உலகத்துக்கே தெரியும், அந்த ஆட்களில் யாருக்கும் தன் மனம் அந்தக் கிழமை ஏன் அப்படி இருந்தது என்று தெரியாது.

இன்னொன்று. காலையில் எழும்பி முகம் கழுவிவிட்டு "இன்றைக்கு இவ்வளவு படிக்கவேண்டும்" என்று முடிவெடுக்கிற ஆளும் நான்தான், இரவு பதினொரு மணிக்கு மேல் களைத்துப் படுத்துக்கொண்டு தள்ளுகிற விரலும் நான்தான். இதில் எது சொல்வதைக் கேட்கவேண்டும்? எந்த மனிதரும் காலையில் எழும்பினவரைத்தான் சொல்வார். அந்தக் கம்பனிகள் எப்போதும் இரவு பதினொரு மணி ஆளிடம்தான் கேட்கின்றன.

போன வருடம் ஏஎல் (உயர்தரச் சோதினை) எடுக்க இருந்த ஒரு பிள்ளை கடைக்கு வந்தார். நல்ல போன், ஒரு பழுதும் இல்லை. மேசையில் வைத்து, தானே சிம் ஊசியால் குத்தி சிம்மை எடுத்து என் கையில் தந்து, "அண்ணா, ஒரு பட்டன் போன் தாங்க. இத நீங்களே வெச்சிருங்க, சோதின முடிய வந்து எடுக்கிறன்" என்றார். வீட்டில் வைத்தால் எடுத்துவிடுவேன், அம்மாவிடம் கொடுத்தால் கெஞ்சி வாங்கிவிடுவேன் என்று காரணமும் சொன்னார். போனை ஒரு கவரில் போட்டு, மேலே பெயரை எழுதி ஒட்டி, இறாக்கையில் வைத்தேன். அந்தப் பிள்ளையிடம் மனவுறுதி இல்லை என்று யார் சொல்வது? என் பார்வையில் அவ்வளவு தெளிவான ஆளை நான் அண்மையில் பார்க்கவில்லை. ஆனால் ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளை தன் புத்தியைக் காப்பாற்றிக்கொள்ள, காசு கொடுத்து வாங்கின தன் சாமானைக் கடையில் கட்டிவைக்க வேண்டி வருவது நியாயமா?

பார்க்கிறவர்கள் மட்டும்தான் மாறுகிறார்கள் என்றும் இல்லை. எங்கள் பக்கத்து வடமோடிக் கூத்து இரவு தொடங்கி விடியும்வரை போகும். களரியைச் சுற்றிச் சனம் பாய் போட்டு இருக்கும், கூத்தைப் பழக்குகிற அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்பார், வரவுத் தாளத்துக்கு ஒரு நடை, கோபத்துக்கு ஒரு நடை, மெதுமெதுவாக ஏறி ஏறிப் போய் விடியற்காலையில்தான் கதை முட்டும். இப்போது டிக்டொக்கில் ஓடுவது சுழன்று ஆடுகிற அரை நிமிடம் மட்டும். அது தூர தேசத்தில் இருக்கிற பிள்ளைகளுக்கு ஊரைக் காட்டுகிறது, கூத்தே தெரியாதவர்களும் பார்க்கிறார்கள், சந்தோசம். நான் அதை மறுக்கவில்லை, எனக்கும் அவற்றைப் பார்க்கப் பிடிக்கும். ஆனால் பயிற்சிக்கு வருகிற பொடியன்மார் அந்த அரை நிமிடத்தையே திரும்பத் திரும்பப் பழகுகிறார்கள், நின்று பாடுகிற விருத்தத்தைப் பழக ஆள் இல்லை என்று ஒரு அண்ணாவியார் கடையில் இருந்து கவலைப்பட்டார். யாரும் கூத்தைச் சுருக்கச் சொல்லவில்லை. எது ஓடும், எது ஓடாது என்று ஒரு கண்ணுக்குத் தெரியாத கணக்கு எங்கோ இருக்கிறது, அதைப் பொடியன்மார் மோப்பம் பிடித்துத் தாங்களாகவே அதன்படி ஆடத் தொடங்கிவிட்டார்கள்.

வெளிநாட்டு வேலை விளம்பரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எங்கள் பக்கம் இளம் ஆட்களின் போனில் வேறு எதுவும் இல்லை என்கிற மாதிரி ஆகிவிட்டது. ஒரு தடவை கடவுச்சீட்டு பற்றித் தேடினால் போதும். கம்பியூட்டர் வேலை, பெரிய சம்பளம் என்ற சமூக ஊடக விளம்பரங்களை நம்பிப் போன இலங்கைப் பொடியன்மார் மியன்மாரின் மியாவடிப் பக்கம் இணைய மோசடி முகாம்களில் அகப்பட்டுப் பட்ட பாடு செய்திகளில் வந்தது. கஷ்டப்படுகிறவர் எதில் தடுக்கி நிற்பார் என்பதை அந்தக் கணக்கு மிக நன்றாக அறியும்.

சட்டம் என்ன செய்கிறது என்று பார்த்தால், எங்கள் நாட்டில் 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இருக்கிறது. அதன் பார்வை முழுக்க இணையத்தில் யார் என்ன எழுதினார், அது பொய்யா என்பதில்தான், அதற்காக ஓர் ஆணைக்குழு. எழுதியவர் வாயை மூடுவதற்கு அதில் நிறைய இடம் இருக்கிறது என்று பத்திரிகையாளர்களும் மனித உரிமை அமைப்புகளும் எதிர்த்ததில் எனக்கும் உடன்பாடுதான். பத்துப் பேர் பார்த்திருக்க வேண்டிய ஒரு பொய்யைப் பத்து இலட்சம் பேருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற இயந்திரத்தை அது அசைக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் வேறு வழியில் போனது. நான்கரைக் கோடிக்கு மேல் பயனர்கள் உள்ள பெரிய தளங்கள், ஒருவரைப் பற்றிச் சேகரித்த குறிப்புகளை வைத்துத் தெரிவு செய்யாத ஒரு பக்கத்தையும் கட்டாயம் தரவேண்டும் என்று அது சொல்கிறது. 2023 ஓகஸ்டிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. பேர்லினில் இருக்கிற என் மச்சாள் ஒரு பொத்தானை அழுத்தினால் அவருக்குச் சட்டப்படி அந்தப் பக்கம் கிடைக்கவேண்டும். ஆரையம்பதியில் இருக்கிற பெரியம்மாவுக்கு அந்த உரிமை இல்லை. கலவரத்துக்கு மன்னிப்புக் கேட்டவர்கள் முதலில் இங்கேதான் அந்தப் பொத்தானைத் தந்திருக்கவேண்டும், தமிழிலும் சிங்களத்திலும், தேடித் திரியாமல் முதல் பக்கத்திலேயே.

அது வரும்வரை சும்மா இருக்கத் தேவையில்லை. இப்போதே சில வழிகள் இருக்கின்றன. யூடியூபில் பார்த்த வரலாற்றை அழித்து, இனிச் சேர்க்காதபடி நிறுத்திவிட்டால், முதல் பக்கத்தில் பரிந்துரையே வராது, வெறுமையாக இருக்கும், நீங்களாகத் தேடிப் பார்க்கலாம். இதைச் செய்து கொடுத்தால் பலர் போன் பழுதாகிவிட்டது என்று திரும்பி வருவார்கள், விளக்கினால் சரி. பேஸ்புக்கில் மெனுவுக்குள் ஃபீட்ஸ் என்று ஒன்று இருக்கிறது, அதில் உங்கள் ஆட்கள் போட்டது நேர ஒழுங்கில் வரும். இன்ஸ்டகிராமில் மேலே உள்ள இன்ஸ்டகிராம் என்ற பெயரை அழுத்தினால் நீங்கள் பின்தொடர்பவர்களை மட்டும் பார்க்கிற தெரிவு வரும். டிக்டொக்கில் இதுவரை சேர்த்த கணக்கை அழித்துப் புதிதாகத் தொடங்குகிற வசதி செட்டிங்ஸுக்குள் இருக்கிறது, ஆனால் அடுத்த நாளே மறுபடி கணக்குச் சேரத் தொடங்கிவிடும், அதனால் அதை மட்டும் நம்பவேண்டாம். நான் கடையில் முதலில் செய்வது இதையெல்லாம் விட எளிது: கோலும் வட்ஸ்அப்பும் தவிர மற்ற எல்லாவற்றின் அறிவித்தலையும் நிறுத்திவிடுவது. போன் கூப்பிடாமல் நாமாக எடுத்தால், ஏன் எடுத்தோம் என்று கேட்க ஒரு கணமாவது கிடைக்கிறது.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் வாரத்தில் ஒரு தடவை பக்கத்தில் இருந்து அவர்களுடைய போனில் என்ன வருகிறது என்று அவர்களோடு சேர்ந்து பாருங்கள். பறித்துப் பார்க்கவேண்டாம், ஏசவும் வேண்டாம். "இது ஏன் உங்களுக்கு வந்தது?" என்று கேளுங்கள், அவர்களே யோசித்துச் சொல்வார்கள். பெரியம்மா இப்போது சந்தேகமான வீடியோ வந்தால் எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்பி, "மகன், இது ஆர் அனுப்பின?" என்று குரல் பதிவு போடுகிறார். எங்கள் கடைக்கு வருகிறவர்களுக்கும் நான் சொன்ன செட்டிங்ஸ் எல்லாவற்றையும் மாற்றித் தருகிறேன், திருத்த வேலை இருக்கவேண்டும் என்றில்லை, அதற்குக் காசும் எடுப்பதில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் கூட்டம் குறைவு, அந்த நேரம் வந்தால் ஆறுதலாக இருந்து காட்டித் தரலாம்.